பூஜ்ஜியம் வாங்கிய காலை ஷிப்டு

அந்தச் சலவைக்கூடத்தில் தலைவர்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. இருந்தாலும், காலை ஷிப்டு ஆட்கள் இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலைவர்களாக ஆனது ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத்தான்.

கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்த அறிவிப்பு அப்படித்தான் சொன்னது. "மாறிவரும் பணியிடத்தில் மேற்பார்வையாளர் என்ற பதவிக்கு இடமில்லை. இனி நம்மில் ஒவ்வொருவரும் ஒரு தலைவர்." தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து படித்தார்கள். படித்துவிட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மூன்று ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணியைப் பிரிக்கப் போனார்கள். பதவி உயர்ந்த அளவுக்குத் துணியின் நாற்றம் குறையவில்லை.

ஒருத்தி மட்டும் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தாள். அறிவிப்பில் இல்லாமல் போன பதவி அவளுடையது. காலை ஷிப்டின் மேற்பார்வையாளர். எல்லோரும் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் பேசும்போது வயது வித்தியாசம் இல்லாமல் அக்கா. வயது ஐம்பத்தொன்று. அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை அவள் இரண்டு தரம் படித்தாள். தற்போதைய மேற்பார்வையாளர்கள் 'அணி வழிகாட்டி' என்ற புதிய பொறுப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு வாரத்தில் மதிப்பீடு நடக்கும். தேறாதவர்கள் துணி பிரிக்கும் வேலைக்கு மாற்றப்படுவார்கள்.

அதாவது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் எந்த இடத்தில் நின்றாளோ அந்த இடத்துக்கே. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவதற்கும் ஒரு விண்ணப்பப் படிவம் வைத்திருந்தார்கள்.

"அக்கா, நானும் தலைவராம்ல," என்றாள் ரேடியோ. வாய் ஓயாத பெண் என்பதால் அந்தப் பெயர். "அப்ப இன்னிக்கு மூட்டை யாரு தூக்குறது?"

"நீதான்."

"அப்ப தலைவரு?"

"தலைவரும் நீதான். ரெண்டையும் பாத்துக்க. போ, பெல்ட்டு ஓடுது."

*

பெல்ட் என்பது இடுப்பு உயரத்தில் ஓடும் அகலமான ரப்பர் பட்டை. மூட்டைகள் ஒரு முனையில் கொட்டப்படும். இருபுறமும் மூன்று மூன்று பேராக ஆறு பேர் நிற்பார்கள். வரும் துணியைப் பிரித்து, உதறி, பார்த்து, சுவரில் உள்ள நான்கு திறப்புகளில் ஒன்றில் போட வேண்டும். விரிப்பு, உடுப்பு, துண்டு, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி. அந்தப் பக்கம் போனால் நேராக வாஷிங் மெஷின்.

துணி மட்டும் வந்தால் இது குழந்தை விளையாட்டு. ஆனால் ஆஸ்பத்திரித் துணிக்குள் ஆஸ்பத்திரியே ஒளிந்து வரும். மூக்குக்கண்ணாடி வரும். பல்செட் வரும்; ஒரு தடவை இரண்டு பல்செட் கடித்துக்கொண்டே வந்தன. இவையெல்லாம் தமாஷ். ஊசி வரும், பிளேடு வரும், வாய் திறந்த கத்திரிக்கோல் வரும். அவை தமாஷ் இல்லை. அதற்காகத்தான் பெல்ட்டுக்கு மேலே, தலைக்கு ஒரு சாண் உயரத்தில், கொடிக்கயிறு போல இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு சிவப்புக் கயிறு. யார் இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும், சங்கு ஊதும்.

மேஸ்திரி இங்கே புதிதாக வந்தபோது மேற்பார்வையாளராக இருந்தவருக்கு இடிமுழக்கம் என்று பெயர். யார் கயிற்றை இழுத்தாலும் அவர் அந்தக் கோடியிலிருந்து கத்திக்கொண்டே வருவார். "ஏன் நிறுத்தின? ஏன்டா நிறுத்தின?" வந்து பார்த்தால் பாதி நேரம் அது ஒரு பட்டனாக இருக்கும். பட்டனுக்கு நிறுத்தியவனை ஒரு வாரம் பட்டன் என்றே கூப்பிடுவார். ஒரு நாள் அவள் கைக்கு வந்த துண்டில் ஏதோ பளபளத்தது. வலது கை துண்டில் இருந்தது, இடது கை கயிற்றை நோக்கிப் பாதி வரை போனது. இடிமுழக்கம் நினைவுக்கு வந்தார். கை திரும்பி வந்தது. ஊசி ஏறிவிட்டது.

ஆறு மாதம் ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்றே முடிவு வந்தது. டாக்டரும் பயப்பட ஏதுமில்லை என்றார். ஆனாலும் அந்த ஆறு மாதமும் நான்கு வயது மகளை அவள் தன் தட்டில் கை வைக்க விடவில்லை.

பத்து வருஷம் கழித்து அவளே மேற்பார்வையாளர் ஆனபோது ஒரே ஒரு மாற்றம்தான் செய்தாள். முதல் நாள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "கயிறு இழுத்தா நான் வந்து என்ன இருக்குன்னு கேப்பேன். ஏன் நிறுத்தினேன்னு கேக்க மாட்டேன். நீங்களும் ஒருத்தரை ஒருத்தர் கேக்கக் கூடாது. அவ்வளவுதான், போய் வேலையப் பாருங்க." மொத்தம் அரை நிமிஷப் பேச்சு. அதற்குப் பெயர் வைக்கவில்லை, படம் வரைந்து விளக்கவில்லை, அதனால் நிர்வாகத்துக்கு அது தெரியவும் இல்லை. ரேடியோ ஒரு தடவை பிளாஸ்டிக் ஸ்பூனுக்காக நிறுத்தினாள். மேஸ்திரி வந்தாள். "என்ன இருக்கு?" "ஸ்பூனுக்கா." "சரி." பெல்ட் ஓடியது. பன்னிரண்டு வருஷமாகக் காலை ஷிப்டில் யார் கையிலும் ஊசி ஏறவில்லை. இதற்காக அவளுக்கு ஒரு பேனாகூடப் பரிசாகக் கிடைத்ததில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் பரிசு கொடுப்பார்கள்?

*

தலைவர்களைத் தயார் செய்ய ஒரு பயிற்சியாளர் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும், நல்ல மனிதர், சிரித்த முகம். எது நடந்தாலும் முதலில் எல்லோரையும் கைதட்டச் சொல்வார். முதல் நாள் மதியமே அவருக்குக் கைதட்டு என்று பெயர் விழுந்துவிட்டது.

கைதட்டு அவர்களுக்குக் காகிதக் குழாய்களைக் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொன்னார். பந்து எறிந்து பிடிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாயுங்கள், சக தலைவர் உங்களைத் தாங்குவார், இதுதான் நம்பிக்கை என்றார். காலையிலிருந்து ஈரப் போர்வை தூக்கிய முதுகுகள் சாய்வதற்கு மிகவும் ஆவலாகவே இருந்தன. கண்ணாடி என்று ஒருவன் சாய்ந்தான், எழுந்திருக்கவே இல்லை. தடித்த கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஆள். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். தாங்கிய கைகளிலேயே தூங்கிப்போனான்.

"பாத்தீங்களா, எவ்வளவு நம்பிக்கை!" என்றார் கைதட்டு. எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடி விழித்துக்கொண்டான்.

"சார், ஒரு சந்தேகம்," என்றாள் ரேடியோ. "இருபத்திரண்டு பேரும் தலைவர்னா, யாரு சொன்னதை யாரு கேக்கணும்?"

"அருமையான கேள்வி! அதை நீங்களே கண்டுபிடிக்கணும்."

"நாங்க கண்டுபிடிச்சிட்டோம் சார். அக்கா சொன்னதை."

கைதட்டு சிரித்துக்கொண்டே தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பழைய மனநிலையைச் சார்ந்திருத்தல். தீவிரம்: அதிகம்.

மூன்றாவது வாரம் சுவரில் ஒரு பெரிய திரை வந்தது. அதற்கு வெளிப்படைத்தன்மை என்று பெயர். யார் யார் எத்தனை தடவை கயிற்றை இழுத்துப் பெல்ட்டை நிறுத்தினார்கள் என்று பெயரோடு காட்டும். அடியில் ஷிப்டின் மொத்தக் கணக்கும் ஒரு முகமும். எண் குறைந்தால் முகம் பச்சையாகச் சிரிக்கும், கூடினால் சிவந்துபோய் உதட்டைப் பிதுக்கும். "யாரையும் குறை சொல்றதுக்காக இல்ல," என்றார் மேலாளர். இரண்டு வருஷம் முன்பு வந்த இளைஞர். எந்த வாக்கியத்தையும் யாருக்கோ மன்னிப்புக் கேட்பது போலவே தொடங்குவார். "சும்மா, நமக்கே நம்மளைப் பத்தித் தெரியட்டும்னுதான். அப்புறம்... மேஸ்திரிம்மா, மதிப்பீட்டுக்கும் இந்த எண்ணைத்தான் எடுத்துக்குவாங்க."

கடைசி வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் ரேடியோ பக்கத்தில் நின்றிருந்தாள். ரேடியோவுக்குத் தெரிந்தால் காற்றுக்குத் தெரிந்த மாதிரி.

முதல் வாரம் திரை முப்பத்தொன்று காட்டியது. அடுத்த வாரம் எட்டு. அதற்கடுத்து இரண்டு வாரம் முழுக்கப் பூஜ்ஜியம். பச்சை முகம் காது வரை சிரித்தது. மேலாளர் பிஸ்கட் பெட்டியோடு வந்தார். கைதட்டு, தன் இருபது வருஷ அனுபவத்தில் இத்தனை வேகமான மனமாற்றத்தைப் பார்த்ததில்லை என்றார். மேஸ்திரியின் படத்தை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். பூஜ்ஜியம் வாங்கியதற்காகப் பாராட்டப்பட்டது அவள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை; பள்ளிக்கூடத்தில் அதற்கு வேறு மாதிரி மரியாதை கிடைத்திருந்தது.

ஒரு சின்னக் குறை மட்டும் மேலாளரை உறுத்தியது. துணி கீழே நழுவி விழுவது கூடியிருந்தது. முன்பு நாளுக்கு ஒன்றோ இரண்டோ. இப்போது பதினைந்து, இருபது. தரையில் விழுந்ததை மறுபடி பெல்ட்டில் போடக்கூடாது, தனிக் கூடையில் போட வேண்டும் என்பது விதி. கூடைகள் நிரம்பி வழிந்தன. மேலாளர் யோசித்தார், தலைமை அலுவலகத்தைக் கேட்டார். ஆட்களின் கைப்பிடி தளர்ந்துவிட்டது என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு ரப்பர் பந்து வந்தது. டீ நேரத்தில் இருபத்திரண்டு தலைவர்களும் வரிசையாக நின்று பந்தைப் பிசைந்தார்கள்.

*

மதிப்பீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேஸ்திரி பெல்ட்டுக்கு அடியில் குனிந்தாள். கையுறை ஒன்று உருண்டு போயிருந்தது. அங்கே, கால் பலகைக்குப் பின்னால், மூடி போட்ட ஒரு பழைய பெயிண்ட் டப்பா இருந்தது. தூக்கினால் சலசலத்தது. மூடியைத் திறந்தாள்.

ஊசிகள். பிளேடுகள். மூன்று கத்திரிக்கோல். வளைந்த ஊசி ஒன்று, நூலோடு.

ரேடியோவைத் துணிக்கிடங்குக்குக் கூப்பிட்டாள். "இது என்னடி?"

ரேடியோ முதல் தடவையாகப் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். "டப்பாக்கா."

"தெரியுது."

"கயிறு யாரு இழுத்தாலும் உங்க மதிப்பீட்டுலதானேக்கா எண்ணு ஏறுது. அதான், ஏதாவது இருக்கிற மாதிரித் தெரிஞ்சா அந்தத் துணியக் கீழ போட்டுடுறோம். கால்ல ஒதுக்கி வச்சுட்டு, டீ நேரத்துல பிரிச்சு, இடுக்கியால எடுத்து இதுல போட்டுடுவோம். எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுக்கா. அதான் இருபத்திரண்டு தலைவர் இருக்கோமே."

"ஓடுற பெல்ட்டுக்கு அடியில குனிஞ்சு, கால்ல ஒதுக்கி..."

"இன்னும் ரெண்டு நாள்தானேக்கா. நீங்க வழிகாட்டி ஆயிட்டா அப்புறம் பாத்துக்கலாம். வேற எவனாவது வந்தா? இடிமுழக்கம் மாதிரி ஒருத்தன் வந்தா?"

திட்ட வேண்டும் என்றுதான் மேஸ்திரி வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் எதைக் கட்டிக் காத்தாளோ அதையே, அவளைக் காப்பாற்றுவதற்காக, அவர்கள் இடித்துக் கீழே போட்டிருந்தார்கள். ரேடியோவின் வலது கையுறையில் கட்டை விரல் அருகே கால் அங்குலத்துக்கு ஒரு கிழிசல். உள்ளே தோல் சரியாகத்தான் இருந்தது. மேஸ்திரி பார்த்துவிட்டாள். ரேடியோ கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

நேராக மேலாளர் அறைக்குப் போய் டப்பாவை மேசைமேல் வைத்திருக்கலாம். வைத்தால் பூஜ்ஜியம் போய்விடும். பூஜ்ஜியம் போனால் பதவி போய்விடும். இரண்டு நாள்தானே என்று நினைத்தாள். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "கையுறைய மாத்து," என்று மட்டும் சொன்னாள். தலைமைப் பண்புகளில் சமரசம் என்று ஒன்று உண்டு. கைதட்டு அதற்கு ஒரு மதியம் முழுவதும் வகுப்பு எடுத்திருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை நடந்தது. மகள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இதே பயிற்சியை அவள் போன வருஷமே முடித்துச் சான்றிதழ் வைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவள், எதிரே அம்மா. லிப்ட் பழுது பார்க்கும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்வையாளர் வேலை பார்த்தார்.

"அம்மா, உன்னோட பலவீனம் என்னன்னு கேப்பாங்க."

"முழங்கால்."

"அது இல்லம்மா, குணத்துல."

"குணத்துல உங்கப்பா."

"நான் பலவீனம் இல்ல, சவால்," என்றார் அப்பா. "இப்பல்லாம் அப்படித்தான் சொல்லணும். என்னம்மா, சரிதானே?"

மகள் அவரைக் கவனிக்கவில்லை. "அஞ்சு வருஷம் கழிச்சு உன்னை எங்க பாக்கிறேன்னு கேப்பாங்க."

"வீட்டுல. அதுக்குள்ள அம்பத்தாறு ஆயிடுமே."

"அய்யோ அம்மா! 'மாற்றத்தை முன்னின்று நடத்துற இடத்துல'ன்னு சொல்லு. சரி, இதை விடு. உன் மிகப் பெரிய சாதனை என்னன்னு கட்டாயம் கேப்பாங்க. அதுக்கு யோசிக்கவே வேண்டாம். பூஜ்ஜியம்னு ஆரம்பி. ரெண்டு வாரமா ஒரு தடவைகூட நிக்கலைன்னு சொல்லு. அது ஒண்ணு போதும், நீ பாஸ்."

சொல்லிக்கொண்டே அம்மாவின் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுக்கக் கையை நீட்டினாள். மேஸ்திரி வெடுக்கென்று தட்டை இழுத்துக்கொண்டாள். அவளே எதிர்பார்க்கவில்லை. இருபது வருஷமாக இழுத்ததில்லை.

"என்னம்மா?" என்றாள் மகள். "ஒரு பிஸ்கட்தானே."

"ஒண்ணுமில்ல. எடுத்துக்க. முழுசும் எடுத்துக்க," என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனாள்.

*

மதிப்பீடு அறைக்குள் நடக்கவில்லை. உண்மையான தலைமை களத்தில்தான் தெரியும் என்று கைதட்டு சொல்லிவிட்டார். ஆகவே காலை பத்து மணிக்குப் பெல்ட்டிலிருந்து பத்தடி தள்ளி ஒரு மேசை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்து, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேடத்தை உட்கார வைத்தார்கள். மேடம் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். கண் மட்டும் கனிவாக இருந்தது. மேஸ்திரி எதிரே உட்கார்ந்தாள்.

கைதட்டு உட்காரவில்லை. தலைவன் என்பவன் படையோடு படையாக நிற்க வேண்டும் என்று சொல்லி, மடிப்பு கலையாத புது ஏப்ரன் கட்டிக்கொண்டு, பெல்ட்டில் ரேடியோவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் நின்றார். மேலாளர் திரையில் அவர் பெயரையும் மரியாதைக்காகச் சேர்த்திருந்தார். கைதட்டின் பெயர், பக்கத்தில் ஒரு பூஜ்ஜியம், அதற்குப் பக்கத்தில் பச்சைச் சிரிப்பு. மேலாளர் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ரேடியோ காலையிலேயே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். "இன்னிக்கு எவனும் எதையும் கீழ போடாதீங்க. விருந்தாளி இருக்காங்க. கண்ணாடி, உனக்குத்தான் சொல்றேன்." கண்ணாடி தலையாட்டியிருந்தான்.

"சொல்லுங்கம்மா," என்றார் மேடம். "உங்களோட மிகப் பெரிய சாதனை என்ன?"

மேஸ்திரி பூஜ்ஜியத்தை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தாள். கண் வழக்கம்போல் மேடத்தின் தோளைத் தாண்டிப் பெல்ட்டில் இருந்தது. கைதட்டின் முன்னால் பச்சைத் துணிச் சுருள் ஒன்று வந்தது. அவர் ஒரு மடிப்பைத் திறந்தார். அவருடைய இடது கை கயிற்றை நோக்கி எழும்பியது. பாதி வரை போனது. அவர் கண் திரைக்குப் போனது, தன் பெயருக்கு, பூஜ்ஜியத்துக்கு. மேலாளர், "சார், இப்படிப் பாருங்க," என்றார். எழும்பிய கை அப்படியே படத்துக்குக் கையசைத்துவிட்டுக் கீழே வந்தது. படிக்கக் கூடாத கடிதத்தைப் படித்துவிட்டவர் மடிப்பது போல் துணியை மறுபடி பதமாக மடித்து, அவர் போக விட்டார்.

துணிக்குள் என்ன இருந்தது என்று மேஸ்திரி பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். பாதி வரை போய்த் திரும்பிய ஒரு கையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பச்சைச் சுருள் கண்ணாடியிடம் போய்க்கொண்டிருந்தது. அவன் விருந்தாளிகளுக்காக நிமிர்ந்து நின்று, எதையும் கீழே போடக்கூடாது என்ற கவலையோடு, இரண்டு கையையும் நீட்டினான்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம்தான் மேடத்துக்குக் கேட்டது. முழங்காலாவது ஒன்றாவது. மேஸ்திரி நான்கே எட்டில் போய்க் கயிற்றை இழுத்தாள்.

சங்கு ஊதியது. இரண்டு வாரம் கேட்காத சத்தம். திரையில் அவள் பெயருக்கு எதிரே ஒன்று விழுந்தது. முகம் சிவந்து உதட்டைப் பிதுக்கியது.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றார் மேடம்.

சமையலறைக்கு வந்த விருந்தாளி சோற்றுப் பானைக்குள் எட்டித் தும்மிவிட்டால் வீட்டார் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மேஸ்திரி திரும்பவில்லை. கைதட்டிடம் போய் நின்றாள்.

"என்ன இருக்கு?"

"ஒண்ணும்... ஒண்ணுமில்லைங்க."

அவள் காத்திருந்தாள். அதட்டவில்லை.

"கத்திரிக்கோல்னு நினைக்கிறேன்," என்றார் கைதட்டு. குரல் சிறுத்துவிட்டது. "திறந்திருக்கு."

"சரி," என்றாள் மேஸ்திரி. இடுக்கியை எடுத்துத் துணியைப் பிரித்தாள். வாய் பிளந்த கத்திரிக்கோல் இருந்தது. அதன் அடியில், அவர் பார்க்காத ஒரு ஊசியும் இருந்தது. கண்ணாடி நீட்டிய கைகளை மெதுவாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டான்.

"என்ன சார் நீங்க," என்றாள் ரேடியோ. அவளால் அதற்கு மேல் முடியவில்லை. "சந்தேகம்னா கீழ போட்டிருக்க வேண்டியதுதானே!"

"கீழே போடுறதா?" என்றார் மேடம்.

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டாள். காலம் கடந்துவிட்டது.

மேஸ்திரி பெல்ட்டுக்கு அடியில் குனிந்தாள். டப்பாவை எடுத்துவந்து வெள்ளை விரிப்பின் மேல், பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தாள். "சாதனை கேட்டீங்களே மேடம். இதுதான் அந்தப் பூஜ்ஜியம். காலையில எண்ணினப்ப முப்பத்தேழு இருந்துச்சு, இதோட முப்பத்தொன்பது. என் மதிப்பீட்டுல எண்ணு ஏறக்கூடாதுன்னு கயிறு இழுக்காம, துணியக் கீழ போட்டு, குனிஞ்சு எடுத்து வச்சிருக்காங்க. அவங்க மேல தப்பில்ல. எனக்கு ரெண்டு நாளாத் தெரியும். வேலை போயிடும்னு வாயத் திறக்கல. கையில பந்து குடுத்தீங்களே, அதுல ஒண்ணும் குறையில்ல. பிடி எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கு."

மேடம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் போனை இறக்கிவிட்டார். கைதட்டின் இரண்டு கைகளும் பழக்கதோஷத்தில் ஒன்றையொன்று நெருங்கின. நடுவழியில் நின்றுகொண்டன.

*

முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. மேஸ்திரி அணி வழிகாட்டியாகத் தேர்வாகியிருந்தாள். ஆனால் இரண்டு நாள் உண்மையை மறைத்ததால் வெளிப்படைத்தன்மையில் மதிப்பெண் குறைந்துவிட்டது. அதை ஈடுகட்ட அவள் நான்கு வாரப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். புதிதாக உருவாக்கப்பட்ட பயிற்சி. பெயர், "இழுக்கும் துணிச்சல்". நடத்துபவர் கைதட்டு.

மேஸ்திரி மூன்றாவது வரிசையில் நோட்டோடு உட்கார்ந்தாள். மற்றத் தலைவர்களும் வந்திருந்தார்கள்; பக்கத்தில் ரேடியோ.

"ஒரு நாள் நானே பெல்ட்ல நின்னுட்டிருந்தேன்," என்று தொடங்கினார் கைதட்டு. "ஒரு ஆபத்தான பொருள். என் கை தன்னால கயிறுகிட்டப் போச்சு..." திரையில் பெரிய எழுத்தில் வந்தது: ஏன் என்று கேட்காதீர்கள், என்ன என்று கேளுங்கள். அதற்கு அம்புக்குறி, வட்டம், மூன்று நிறம் எல்லாம் இருந்தன. பன்னிரண்டு வருஷமாக அரை நிமிஷத்தில் முடிந்த விஷயம் இப்போது நான்கு வாரத்துக்குப் போதுமானதாக வளர்ந்திருந்தது.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள் ரேடியோ, "அவர் கை கயிறுகிட்டப் போச்சாமே."

"போச்சு. பாதி வரைக்கும்."

"மீதிப் பாதி?"

"பயிற்சி முடியறதுக்குள்ள போயிடும். எழுதிக்க."

சுவரில் இருந்த திரையை எடுத்துவிடவில்லை. வாங்கிய பொருளை வீணாக்க முடியுமா? கணக்கை மட்டும் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். இனி கயிற்றை இழுப்பது துணிச்சல்; ஷிப்டுக்குப் பத்து துணிச்சல் இலக்கு. பத்துக்குக் குறைந்தால் முகம் சிவக்கும். சில நாள் ஊசியோ பிளேடோ நாலுதான் வரும். அன்றைக்கெல்லாம் மதியம் ஒன்றரை மணிக்கு மேல் காலை ஷிப்டுக்குத் திடீர்த் துணிச்சல் பிறக்கும். சங்கு ஊதும், மேஸ்திரி போவாள்.

"என்ன இருக்கு?"

"பட்டனுக்கா. இன்னும் மூணு வேணும்ல."

"சரி."

மறுபடி ஊதும். மறுபடி போவாள். பட்டனுக்காக ஊதுகிற சங்கு என்று தெரிந்தும், அவள் ஒரு தடவைகூட இருந்த இடத்திலிருந்து கையை ஆட்டி ஓட்டச் சொன்னதில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு, பெல்ட்டின் நீளம் முழுக்க நடந்து போய், அருகில் நின்றுதான் கேட்பாள். மேலாளர் இதை நேர விரயம் என்று குறித்து வைத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை ஒன்றே முக்காலுக்கெல்லாம் பத்து முடிந்துவிட்டது. பச்சை முகம் சிரித்தது. எல்லோரும் கடைசி மூட்டையை வேகமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்; பதினைந்து நிமிஷத்தில் வீடு. அப்போது சங்கு ஊதியது.

"யாருப்பா அது," என்றாள் ரேடியோ எரிச்சலாக. "பத்து ஆயிடுச்சே! ஏன்..." என்று ஆரம்பித்தவள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கண்ணாடி கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தான். இன்னொரு கை துணியிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருந்தது. திரை அசையவில்லை. பத்துக்கு மேல் எண்ணும் ஏற்பாடு அதில் இல்லை.

மேஸ்திரி பெல்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனாள்.

"என்ன இருக்கு?" என்றாள்.